கல் தூசி, நுரையீரல், ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல் உடைத்தவர், கிரானைட் அறுத்தவர், ஃபவுண்டரியில் மணல் அச்சு உடைத்தவர், போர்வெல் வண்டியில் போனவர். இவர்களுக்கு எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் (கல்தூசி படிந்து நுரையீரல் தழும்பாகும் நோய்) தெரிந்த பிறகு, ஏதோ ஒரு கட்டத்தில் கையில் ஒரு ரத்த ரிப்போர்ட் வந்து சேர்கிறது. ஏ.என்.ஏ., ஆர்.எஃப்., ஆன்டி-சி.சி.பி. என்று ஏதோ ஒன்றுக்கு எதிரே ‘பாசிட்டிவ்’ என்று இருக்கும். மூன்றும், உடல் தன்னையே எதிரியாக எண்ணி உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடும் சோதனைகள். அந்தத் தாளை எப்படி வாசிப்பது, எப்போது ஓட வேண்டும், எப்போது மடித்து வைத்துவிடலாம் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். நோயாளிக்கும் வீட்டாருக்கும் எழுதியது என்றாலும், சில பதில்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் லேப் ஊழியருக்கும் உதவும்.

நுரையீரலில் படிந்த தூசிக்கும் விரல் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாதது: சுமார் 5 மைக்ரானுக்குக் கீழே உள்ள படிகச் சிலிக்கா. அது காற்று நுண்ணறை வரை இறங்கும். அங்கே காவலுக்கு இருக்கிற மேக்ரோபேஜ் என்னும் விழுங்கணு அதை விழுங்குகிறது. கிருமியாக இருந்தால் செரித்துவிடும். இது கல், செரிக்காது. விழுங்கிய அணுவின் செரிமானப் பை கிழிகிறது. உள்ளே என்.எல்.ஆர்.பி.3 என்ற அபாயமணி அடித்து, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருள் கொட்டுகிறது. அணு சாகிறது. உள்ளிருந்த கல்துகள் அப்படியே வெளியே வருகிறது. அடுத்த மேக்ரோபேஜ் அதை விழுங்குகிறது. வேலையை விட்டு வருடங்கள் ஆன பிறகும் நோய் வளர்வதற்கு இந்தச் சுழற்சிதான் காரணம்.

செத்த அணுவின் உட்கருச் சிதறல்கள், உடல் வழக்கமாக வெளியே பார்க்காத பொருள்கள். அவை நாள்தோறும் அழற்சியின் நடுவே காட்டப்பட்டால், நோய் எதிர்ப்பு அமைப்பு அவற்றையே எதிரியாகப் பதிந்துகொள்கிறது. அதோடு நுரையீரலில் சில புரதங்கள் ‘சிட்ருலின்’ ஏறி உருமாறுகின்றன, ஆன்டி-சி.சி.பி. என்ற எதிர்ப்பொருள் குறிவைப்பது அவற்றைத்தான். இப்படிப் பிறந்த எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் சுற்றும்போது மூட்டு, தோல், சிறுநீரகம் எங்கு வேண்டுமானாலும் சிக்கல் வரலாம். வரலாம் என்றுதான் சொல்கிறோம். பலருக்கு எதிர்ப்பொருள் மட்டும் இருக்கும், நோய் வரவே வராது.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை, நூறு வருடம் தாண்டிய செய்தி. 1914இல் எடின்பரோவில் பைரம் பிராம்வெல், தோல் இறுகிப்போகும் ஸ்க்லீரோடெர்மா நோயாளிகள் ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அவர்களில் ஐந்து பேர் கல்தச்சர்கள். 1953இல் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம், முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவர்களுக்கு மட்டும் எக்ஸ்ரேயில் தனி மாதிரி உருண்டைகள் தெரிவதை அந்தோணி கேப்லன் கவனித்தார். 1957இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தாரிடம் ஸ்க்லீரோடெர்மாவை விவரித்தவர் எராஸ்மஸ். கேப்லன் சிண்ட்ரோம், எராஸ்மஸ் சிண்ட்ரோம் என்ற பெயர்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. கிழக்கு ஜெர்மனியின் விஸ்முட் யுரேனியச் சுரங்கங்களில் குவார்ட்ஸ் தூசி வாங்கியவர்களிடம் லூபஸும் (தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் நோய்) ஸ்க்லீரோடெர்மாவும் பதிவாயின.

அண்மைக் கதை, சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல். பிசினில் குவார்ட்ஸ் பொடியைக் கலந்து அழுத்திச் செய்வது. பழைய வகைகளில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல். இஸ்ரேலிலும் ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை அறுத்த இளைஞர்களுக்குச் சில வருடங்களிலேயே சிலிக்கோசிஸ் வந்தது. கூடவே, நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்களும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது.

எல்லாத் தூசியும் இப்படிச் செய்யுமா?

இல்லை. ஆதாரம் மிக வலுவாக இருப்பது சிலிக்காவுக்கு: முடக்குவாதம், ஸ்க்லீரோடெர்மா, லூபஸ், ஆன்கா என்ற எதிர்ப்பொருளோடு வரும் ரத்தக்குழாய் அழற்சி ஆகிய நான்குக்கும். மணற்கல், குவார்ட்ஸ், ஃபவுண்டரி மணல் ஆகியவற்றில் சிலிக்கா மிக அதிகம், கிரானைட்டில் நடுத்தரம், மார்பிளில் மிகக் குறைவு. அதனால் ‘கல் வேலை’ என்று மட்டும் சொன்னால் போதாது, என்ன கல் என்று சொல்ல வேண்டும்.

நிலக்கரித் தூசியில் பெரிதும் பேசப்படுவது முடக்குவாதம்தான். ஆஸ்பெஸ்டாஸைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரில் வெர்மிகுலைட் என்ற கனிமத்தின் சுரங்கத்தோடு வந்த ஆஸ்பெஸ்டாஸ் நார்த்துகளை மூச்சில் வாங்கியவர்களிடம் ஏ.என்.ஏ. கூடுதலாகக் காணப்பட்டது. பஞ்சாலைத் தூசியால் வரும் பிசினோசிஸ் வேறு வழி; அது மூச்சுக்குழாய் இறுக்கம், வார முதல் நாளில் கூடும். ஆனால் மலேசியாவில் நடந்த ஆய்வு ஒன்று, ஜவுளித் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு முடக்குவாத வாய்ப்பு சுமார் 3 மடங்கு என்று காட்டியது. திருப்பூர், கோவைப் பக்கம் மூட்டு வலியோடு வரும் பெண்ணிடம் மில் வேலை பற்றிக் கேட்பது வீண் கேள்வி அல்ல.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் லூபஸா?

பெரும்பாலும் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லை அல்ல, பக்கத்தில் உள்ள எண்ணை. ரத்த நீரை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்கிறது என்பதே அந்த எண். 1:40 என்றால் நாற்பது மடங்கு நீர்த்தும் தெரிகிறது. 1:640 என்றால் மிக வலு.

நோயே இல்லாத, ஆரோக்கியமான மனிதர்களை வைத்து 1997இல் வெளியான பன்னாட்டு ஆய்வின் கணக்கு இது: 1:40 அளவில் 31.7 சதவீதம் பேர் பாசிட்டிவ், 1:80இல் 13.3, 1:160இல் 5, 1:320இல் 3.3. அதாவது தெருவில் போகிற மூவரில் ஒருவருக்கு 1:40 வரும். சிலிக்கோசிஸ் உள்ளவர்களிடம், வேறு எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், பொதுமக்களைவிட இது கூடுதலாகவே வரும். எனவே 1:80, 1:100 என்று வந்து, மூட்டு, தோல், விரல், சிறுநீர் எல்லாம் சரியாக இருந்தால் அந்தத் தாளை ஃபைலில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

1:320க்கு மேல் என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் ஒரு முறை முழுமையாக உடலைப் பரிசோதிப்பது நல்லது. லூபஸ் வகைப்பாட்டு விதியில் (2019) ஏ.என்.ஏ. 1:80 இருப்பது நுழைவுச் சீட்டு மட்டுமே. உள்ளே போன பிறகு காய்ச்சல், தோல், மூட்டு, ரத்த அணுக்கள், சிறுநீர்ப் புரதம் என்று மதிப்பெண் சேர்ந்தால்தான் லூபஸ்.

ரிப்போர்ட்டில் ‘ஸ்பெக்கிள்டு’, ‘ஹோமோஜீனியஸ்’ என்று இருக்கிறதே?

அது ஒளிரும் கோலத்தின் பெயர். ஹெப்-2 என்ற அணுக்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் உங்கள் ரத்த நீரை விட்டு, நுண்ணோக்கியில் எங்கே ஒளிர்கிறது என்று பார்க்கிறார்கள். உட்கரு முழுதும் சீராக ஒளிர்ந்தால் ஹோமோஜீனியஸ்: லூபஸிலும், மருந்தால் வரும் லூபஸிலும் தெரியும். சென்ட்ரோமியர் புள்ளிகள் தெரிந்தால் ஸ்க்லீரோடெர்மாவின் மெதுவான வகையை நினைக்க வேண்டும். நியூக்ளியோலார் கோலமும் ஸ்க்லீரோடெர்மா பக்கமே சாயும். ‘டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கிள்டு’ மட்டும் தனியாக வந்தால், எண் பெரிதாக இருந்தாலும், தன்னுடல் தாக்கு நோய் இருக்கும் வாய்ப்பு குறைவு. சாதாரண ‘ஸ்பெக்கிள்டு’ எதையும் உறுதியாகச் சொல்லாது. எலைசா (நிறமாற்றத்தைக் கருவி அளக்கும் முறை) வழியாகச் செய்த ஏ.என்.ஏ.யில் கோலமே இருக்காது. சில எதிர்ப்பொருள்களைத் தவறவும் விடும். சந்தேகம் வலுவாக இருந்தால் மேலே சொன்ன நுண்ணோக்கி முறையில் (ஐ.எஃப்.ஏ.) கேட்டு வாங்குங்கள்.

ஆர்.எஃப். 48 வந்திருக்கிறது. முடக்குவாதமா?

ஆர்.எஃப். ஒரு வாயாடி, எதற்கும் குரல் கொடுக்கும். வயது, புகை, காசநோய், ஹெபடைடிஸ் சி, நாள்பட்ட நுரையீரல் நோய் எல்லாவற்றிலும் ஏறும். சிலிக்கோசிஸ் மட்டுமே இருந்தாலும் ஏறும். ஆன்டி-சி.சி.பி. அப்படி அல்ல, அது பேசினால் கேட்க வேண்டும். ஆனால் தீவிரக் காசநோயில் அதுவும் சில நேரம் பொய்யாக ஏறும் என்பதை நம் ஊரில் மறக்கக் கூடாது.

கணக்கு இப்படி: லேப் தரும் மேல்வரம்பைவிட 3 மடங்குக்கு மேல் இருந்தால் ‘உயர் பாசிட்டிவ்’. வரம்பு 20 என்றால் 60க்கு மேல். முடக்குவாத வகைப்பாட்டில் (2010) 10க்கு 6 மதிப்பெண் வேண்டும். உயர் பாசிட்டிவ் ரத்தத்துக்கு அதிகபட்சம் 3 மட்டுமே. மீதி வீங்கிய மூட்டுகளிலிருந்தும், ஆறு வாரம் தாண்டிய காலத்திலிருந்தும், ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவிலிருந்தும் வர வேண்டும். ஒரு மூட்டிலாவது மருத்துவர் கையால் தொட்டு உணர்ந்த வீக்கம் இல்லாமல் இந்தக் கணக்கே தொடங்காது.

காலையில் எழுந்ததும் விரல் மடங்காமல் அரை மணி, ஒரு மணி நேரம் விறைப்பு, இரு கைகளிலும் முட்டி விரல் மூட்டுகளில் வீக்கம், மோதிரம் கழலாமை. இவை இருந்து ஆன்டி-சி.சி.பி.யும் உயர்ந்திருந்தால் தாமதிக்காமல் மூட்டுநோய் மருத்துவரைப் பாருங்கள். வீக்கம் இல்லாமல் எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால், பீடி சிகரெட்டை விடுவதே முதல் மருந்து. சிலிக்காவும் புகையும் சேர்ந்தால் ஆன்டி-சி.சி.பி. உள்ள வகை முடக்குவாதத்தின் வாய்ப்பு, இரண்டில் ஒன்று மட்டும் இருப்பதைவிட வெகுவாகக் கூடுகிறது என்பதை ஸ்வீடன் ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன.

குளிர்ந்த நீரில் கை வைத்தால் விரல் வெளுக்கிறது. ஜாக்ஹேமர் பிடித்ததால் என்கிறார்கள்.

இருக்கலாம், ஆனால் அப்படிச் சொல்லி விட்டுவிடுவதுதான் நாம் அதிகம் பயப்படும் தவறு. விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பது ரேனாட் எனப்படும். கம்ப்ரசர் துளைப்பான், கிரைண்டர் பிடித்த கைக்கு அதிர்வினாலும் இது வரும். சிலிக்காவால் வரும் ஸ்க்லீரோடெர்மாவின் முதல் அடையாளமும் இதுவே. ஒரே ஆள் துளைப்பானையும் பிடித்திருப்பார், தூசியையும் வாங்கியிருப்பார்.

பிரித்தறிய சில வழிகள். அதிர்வால் வந்தது பெரும்பாலும் இரு கையிலும் சமமாக இராது; கருவியை அழுத்திப் பிடித்த விரல்களில் அதிகம்; கால்விரல் பெரும்பாலும் தப்பும்; மரத்துப்போதல் கூடவே இருக்கும். ஸ்க்லீரோடெர்மாவில் இரு கைகளும் ஒன்றுபோல, விரல்கள் உப்பி, பிறகு தோல் இறுகி, கிள்ளி மடிக்க முடியாமல் போகும், விரல் நுனியில் சிறு குழிப்புண், வாயை அகலத் திறக்க முடியாமை, நெஞ்செரிச்சல், சோறு இறங்கத் தடை. நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து டெர்மாடோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வழியே பார்த்தால், தடித்து வளைந்த நுண்குழாய்களும் சிறு ரத்தக் கசிவும் தெரியும். ஐந்து நிமிட வேலை, செலவே இல்லை. ஏனோ செய்கிறவர் குறைவு.

ரத்தத்தில் ஏ.என்.ஏ.யோடு, ஸ்க்லீரோடெர்மாவுக்குரிய எதிர்ப்பொருள்களைப் பார்க்க வேண்டும்: எஸ்.சி.எல்-70, சென்ட்ரோமியர், முடிந்தால் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-3. இந்த மூன்றாவது சாதாரண ‘ஏ.என்.ஏ. புரொஃபைல்’ பட்டைகளில் (பல எதிர்ப்பொருள்களை ஒரே பட்டையில் கோடுகளாகக் காட்டும் சோதனை) பல நேரம் இருக்காது. தனியாகக் கேட்க வேண்டும். எஸ்.சி.எல்-70 உள்ளவர்களுக்கு நுரையீரல் தழும்பு கூடுதல். கல் வேலை செய்தவர்களின் ஸ்க்லீரோடெர்மாவில் இதுவே அதிகம் காணப்படுகிறது.

இன்னொன்று. ஸ்க்லீரோடெர்மா, லூபஸ் எல்லாம் ‘பெண்கள் நோய்’ என்று பாடத்தில் படித்த பழக்கத்தால், ஐம்பது வயதுக் கல்தச்சரிடம் அது யாருக்கும் தோன்றுவதில்லை. சிலிக்காவில் பாதிக்கப்படுகிறவர்களில் ஆண்களே அதிகம்.

சிறுநீர் பரிசோதனை எதற்கு? எனக்கு நுரையீரல்தானே?

சிலிக்கா சிறுநீரகத்தையும் தொடும். எம்.பி.ஓ.-ஆன்கா என்ற எதிர்ப்பொருள் வந்தால் சிறு ரத்தக்குழாய்கள் அழன்று, சில வாரங்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். வலி இருக்காது. சிறுநீர் தேநீர் நிறமாவது, நுரைப்பது, கால் வீக்கம், சளியில் ரத்தம், காலில் ஊதா நிறப் புள்ளிகள் ஆகியவை அடையாளங்கள். வருடம் ஒரு முறை சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையும் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்த அளவு) போதும். ரத்த அணு, புரதம் இரண்டும் சேர்ந்து தெரிந்தால் மட்டும் ஆன்கா, அப்போதும் எம்.பி.ஓ., பி.ஆர்-3 என்று பெயர் சொல்லி எலைசா கேளுங்கள். ‘பி-ஆன்கா பாசிட்டிவ்’ என்ற ஒற்றை வரி ஏ.என்.ஏ. இருப்பவர்களிடம் ஏமாற்றும், காசநோயிலும் வரும். சிறுநீரில் ரத்தமும் கிரியேட்டினின் ஏற்றமும் சேர்ந்தால் அது நாள் கணக்கில் கவனிக்க வேண்டிய அவசரம், அடுத்த மாத ஓபிக்குத் தள்ளக் கூடாது.

சிலிக்கோசிஸ் உள்ள எல்லோரும் எல்லாப் பரிசோதனையும் செய்ய வேண்டுமா?

வேண்டாம். தனியார் லேபில் ‘ஆட்டோஇம்யூன் பேக்கேஜ்’ என்று ஆயிரக்கணக்கில் செலவழித்து, பொய் பாசிட்டிவை விலைக்கு வாங்கி, தூக்கத்தையும் இழப்பதில் பயனில்லை. எங்கள் வரிசை இது.

ஒவ்வொரு வருகையிலும் காசில்லாத ஐந்து கேள்விகள்: விரல் நிறம் மாறுகிறதா, காலை விறைப்பு எவ்வளவு நேரம், மூட்டு வீங்குகிறதா, கண்ணும் வாயும் வறள்கிறதா, சிறுநீர் நிறம் மாறியதா. மருத்துவர் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தோலைக் கிள்ள வேண்டும். ரத்த அழுத்தம் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் சிறுநீரும் கிரியேட்டினினும் போதும். ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றால், அல்லது நுரையீரல் தழும்பு தூசிக் கணக்குக்கு மிஞ்சி வேகமாக வளர்ந்தால், ஏ.என்.ஏ. (ஐ.எஃப்.ஏ.), ஆர்.எஃப்., ஆன்டி-சி.சி.பி., முழு ரத்த எண்ணிக்கை, ஈ.எஸ்.ஆர். ஆகியவற்றைப் பாருங்கள். ஏ.என்.ஏ. கணிசமாக வந்த பிறகே பட்டைப் பரிசோதனை. லூபஸ் சந்தேகம் இருந்தால் மட்டும் டி.எஸ்.-டி.என்.ஏ. எதிர்ப்பொருளும், சி3, சி4 என்ற காம்ப்ளிமென்ட் புரதங்களும்.

சி.டி. ஸ்கேனையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிலிக்கோசிஸ் மேல்பகுதியில் உருண்டைகளாக இருக்கும். ஸ்க்லீரோடெர்மாவும் முடக்குவாதமும் தரும் தழும்பு பெரும்பாலும் அடிப்பகுதியில், வலைபோல. இரண்டும் ஒரே படத்தில் தெரிந்தால் அங்கே இரண்டு நோய் இருக்கலாம்.

ரத்தம் கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? ஒரு லேபில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ் வருகிறதே?

வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட உடனே கொடுத்தால் ரத்த நீர் பால்போல் கலங்கிச் சில கருவிகளைக் குழப்பும். 3 முதல் 5 மி.லி. போதும், சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில். பிரித்த சீரம் 2–8 டிகிரியில் சில நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் மைனஸ் 20இல் உறைய வைக்க வேண்டும். உருக்கி உறைய வைத்து உருக்கினால் எதிர்ப்பொருள் சிதையும். சி3, சி4 வெயிலில் ஊர் தாண்டிப் பயணித்தால் அளவு பொய்யாகிவிடலாம். அதற்கு லேபுக்கே நேரில் போவது நல்லது. முடி, நகத்துக்கு என்று பயோட்டின் மாத்திரை அதிக அளவில் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். சில கருவிகளில் ஆன்டி-சி.சி.பி. கணக்கையும் அது கெடுக்கும்.

லேபுக்கு லேப் மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் தொடக்க நீர்ப்பு: ஒருவர் 1:40இல் தொடங்குவார், இன்னொருவர் 1:100இல். முறையும் கிட்டும் வேறு. ஒரு படி வித்தியாசம், அதாவது 1:160க்கும் 1:320க்கும் இடையே உள்ளது, மாற்றமே அல்ல. கண்ணால் பார்த்துச் சொல்லும் சோதனையில் அது இயல்பு. பட்டைப் பரிசோதனையில் ஒற்றை ‘+’ மங்கலான கோடு வந்து, ஏ.என்.ஏ.யில் அதற்குப் பொருந்தும் கோலம் இல்லை என்றால் அதை நம்பாதீர்கள். எஸ்.சி.எல்-70 மங்கல் கோட்டை மட்டும் பார்த்து ‘தோல் இறுக்க நோய்’ என்று எழுதப்பட்டவர்கள் உண்டு. வேறு முறையில் மீண்டும் செய்து பார்த்த பிறகே அந்தப் பெயரை வைக்க வேண்டும்.

டி.பி. மருந்து சாப்பிடுகிறேன். ரிப்போர்ட்டை அது மாற்றுமா?

மாற்றும். ஐசோநயசிட் சாப்பிடுபவர்களில் கணிசமானவர்களுக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ் ஆகிறது, ஹிஸ்டோன் எதிர்ப்பொருளும் வரும். பெரும்பாலோருக்கு நோய் வராது. மிகச் சிலருக்கு மூட்டு வலி, காய்ச்சல், நெஞ்சு உறை வலி என்று மருந்து லூபஸ் வரும். மருந்தை நிறுத்தினால் அடங்கும். ஆனால் டி.பி. மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. அவசரமில்லாத ஏ.என்.ஏ.யை மருந்து தொடங்கும் முன்பே எடுத்து வைப்பது புத்திசாலித்தனம். பைரசினமைடால் யூரிக் அமிலம் ஏறி மூட்டு வலிக்கும். அதை முடக்குவாதம் என்று எண்ணிவிடுவதும் நடக்கிறது.

எக்ஸ்ரேயில் திடீரென்று புதிய உருண்டைகள். புற்றுநோயா, டி.பி.யா?

மூன்றாவது வாய்ப்பும் உண்டு: கேப்லன் உருண்டைகள். அரை செ.மீ. முதல் 5 செ.மீ. வரை, நுரையீரலின் ஓரப்பகுதிகளில், கூட்டமாக, சில மாதங்களிலேயே முளைக்கும். நடுவில் குழியும் விழும். பின்னணியில் சிலிக்கோசிஸ் லேசாகவே இருக்கலாம். மூட்டு வலிக்கு முன்பே கூட வரும். எனவே ஆர்.எஃப்., ஆன்டி-சி.சி.பி. எடுப்பது பயன் தரும். ஆனால் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்தால் ‘கேப்லன்தான்’ என்று முடிக்கக் கூடாது. சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் சோதனை முதலில். உருண்டை ஒற்றையாகவும் வளர்ந்துகொண்டும் இருந்தால் திசுப் பரிசோதனை. சிலிக்கா புற்றுநோயும் தரும் பொருள்.

சார்காய்டோசிஸ் (நுரையீரலிலும் நெறிகட்டிகளிலும் அழற்சி முடிச்சுகள் வரும் வேறொரு நோய்) என்று எழுதப்பட்டு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட கல் தொழிலாளர்களும் உண்டு. நெறிகட்டி வீக்கமும் சீரம் ஏ.சி.இ. என்ற ரத்த அளவின் ஏற்றமும் சிலிக்கோசிஸிலும் வரும். வேலை என்ன என்று கேட்டிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்காது.

மூட்டு மருந்துகள் நுரையீரலுக்கு ஆபத்தா?

சிலிக்கோசிஸுக்கு மருந்தில்லை, தன்னுடல் தாக்கு நோய்க்கு உண்டு. அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே உடலில் இருக்கும்போது கணக்கு மாறும்.

முதல் கவலை காசநோய். சிலிக்கா படிந்த நுரையீரலில் அது எளிதாக விழித்துக்கொள்ளும். ஸ்டீராய்டோ, நோய் எதிர்ப்பை அடக்கும் உயிரியல் ஊசியோ தொடங்கும் முன் எக்ஸ்ரே, சளி, மான்டூ தோல் சோதனை அல்லது இக்ரா ரத்தச் சோதனை. தீவிர நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்து: ஆறு மாதம் ஐசோநயசிட், அல்லது வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம் ஐசோநயசிட்டும் ரிஃபாபென்டினும். ரிஃபாம்பிசின் குடும்ப மருந்துகள் பிரட்னிசோலோனின் பலத்தைக் குறைக்கும் என்பதையும் மருத்துவர் கணக்கில் கொள்வார்.

முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள். தினமும் விழுங்கி உயிர் போனவர்கள் உண்டு. மாத்திரை அட்டையில் கிழமையைப் பேனாவால் எழுதுங்கள். தொடங்கும் முன் எக்ஸ்ரே, மூச்சுத்திறன் சோதனை இரண்டும் கையில் இருக்க வேண்டும். பிறகு வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் எதோடு ஒப்பிடுவது? லூபஸுக்கும் மூட்டுக்கும் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் நுரையீரலுக்குப் பாதுகாப்பானது. ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 5 மி.கி. தாண்டக் கூடாது, கண் பரிசோதனை வேண்டும்.

ஸ்க்லீரோடெர்மாவில் ஒரு தனி எச்சரிக்கை: பிரட்னிசோலோன் நாளொன்றுக்கு 15 மி.கி.க்கு மேல் போனால் சிறுநீரக நெருக்கடி வரும் வாய்ப்பு கூடுகிறது. மூச்சுத் திணறுகிறதே என்று ஊர் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுபவருக்கு இது தெரியாது. ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, தலைவலி, பார்வை மங்கல் வந்தால் அன்றே மருத்துவமனை.

வேலையை விட்டால் எதிர்ப்பொருள் இறங்குமா? எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது?

உள்ளே போன கல் உள்ளேயே இருக்கும். எனவே எதிர்ப்பொருள் மறைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தூசியை விடுவது மேலும் சுமை ஏறாமல் தடுக்க. ஒரு முறை பாசிட்டிவ் ஆன ஏ.என்.ஏ.யை மறுபடி மறுபடி எடுப்பது வீண் செலவு; நோய் கூடுவதையோ குறைவதையோ அது காட்டாது. புதிய அறிகுறி வந்தால்தான் மீண்டும் ரத்தம். தொடர்ந்து அளக்க வேண்டியவை எஃப்.வி.சி. (ஒரே மூச்சில் ஊதி வெளியேற்றும் காற்று), டி.எல்.சி.ஓ. (காற்று ரத்தத்துக்குள் கடக்கும் திறன்) என்ற மூச்சுத்திறன் அளவுகள்: ஆறு மாதம் அல்லது வருடம் ஒரு முறை. எஃப்.வி.சி. சரியாக இருந்து டி.எல்.சி.ஓ. மட்டும் சரிந்தால் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்காக எக்கோ பார்க்க வேண்டும்.

மூட்டுநோய் மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

அவர் கேட்க மாட்டார் என்று வைத்துக்கொண்டு நீங்களே ஒரு தாளில் எழுதிப் போங்கள். பள்ளி விட்டது முதல் செய்த வேலைகள் ஒவ்வொன்றும்: எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன கல் அல்லது மணல், ஈரத்தில் அறுத்ததா உலர்ந்ததா, மூடிய கொட்டகையா வெளியா, துணி கட்டியதா உண்மையான முகக்கவசமா, கூட வேலை செய்தவருக்கு நெஞ்சு நோய் உண்டா. அம்மி ஆட்டுக்கல் கொத்துவது, சிற்ப வேலையில் கிரைண்டர் பிடிப்பது, கிணறு வெட்டுவது, மணல் பீய்ச்சித் துரு எடுப்பது, செங்கல் சூளை அடுப்புப் பூச்சு உடைப்பது எல்லாம் கணக்கில் சேரும். இருபது வருடத்துக்கு முன் விட்ட வேலையும் சேரும். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

இழப்பீட்டுக்கு இந்த ரத்த ரிப்போர்ட் உதவுமா?

சிலிக்கோசிஸ் சான்றுக்கு வேண்டியது வேலை வரலாறும் எக்ஸ்ரேயும்தான், ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்பது சிலிக்கோசிஸுக்குச் சாட்சி அல்ல, நெகட்டிவ் என்பது மறுப்பும் அல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ் போன்ற தூசி நோய்களும் சிலிக்கோசிஸோடு சேர்ந்த காசநோயும் பெயரோடு இருந்தன. முடக்குவாதமும் ஸ்க்லீரோடெர்மாவும் அதில் இருக்கவில்லை. ஆகவே மனுவில் முதல் வரி சிலிக்கோசிஸாகவே இருக்கட்டும். மூட்டுநோயால் கை மடக்க முடியாமல் போனதை இயலாமை அளவீட்டின்போது தனிச் சான்றாகக் காட்டுங்கள். ‘முடக்குவாத நுரையீரல்’ என்று மட்டும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு, தூசி நோயே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கொடுக்கும். சீட்டு வாங்கும்போதே வேலையின் பெயரும் தூசியின் பெயரும் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.